உப்புக்குத் தெரியாத அளவு

போத்தலின் மூடியைத் திருகியதும் ஞானாம்பிகையின் மூக்கில் அடித்தது கருவாட்டு மணம்.

தசையைக் கெடாமல் காக்கும் போமலினின் மணம் வந்திருக்க வேண்டும். கண்ணைக் கரித்து, தொண்டையைப் பிடித்து, ஆளை இரண்டடி பின்னால் தள்ளியிருக்க வேண்டும். பதினொரு வருடமாக அந்த மிஷன் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவள் திறந்த போத்தல்கள் எல்லாம் அப்படித்தான் செய்தன. இது செய்யவில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் கழுத்து வரை கல்லுப்பு. உப்புக்குள் புதைந்து, சுருங்கி, பழுப்பேறிய ஒரு தசைத்துண்டு.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. கந்தசஷ்டி விரதத்தின் இரண்டாம் நாள். காலையில் ஒரு மிடறு பாலைக் குடித்துவிட்டு உரும்பிராயிலிருந்து கோப்பாய்க்குச் சைக்கிள் மிதித்து வந்திருந்தாள்.

"உதென்ன அண்ணை?"

மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் கனிசியஸ். குருநகரான். சங்கு குளிப்பவன். வீட்டின் மேல் ஷெல் விழுந்த பிறகு மனைவியோடு கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கியிருந்தான். அந்த மனைவி வினிபிரட்டின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த கட்டிதான் உப்புக்குள் கிடந்தது.

"போமலின் ஒழுகிப்போட்டுது மிஸ்," என்றான். "மீசாலையில ஒரு கிடங்குக்க சைக்கிளை விட்டிட்டன். மூடி தெறிச்சுப் பாதி போட்டுது. சரி, பாதி கிடக்குத்தானே எண்டு வந்தால் கைதடியில ஷெல்லடி. நாலு மணித்தியாலம் ஒருத்தரையும் பாலத்தால விடேல்லை. எட்டிப் பாக்கிறன், மிச்சமும் ஒழுகி, வெறும் போத்தலுக்க கிடந்து காயுது. வெயிலெண்டால் வெயில்."

"அதுக்கு?"

"பாலத்தடியில சனம் மீன் காயப்போடுறவை. அவையிட்டை உப்பு வாங்கிப் போட்டன்." அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "பச்சையாக் கிடந்தால் எது மிஸ் நிக்கும்? பழுதாப் போகும். உப்புப் போட்டால் ஆறு மாசம் நிக்கும்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று ஞானாம்பிகைக்குத் தெரியவில்லை. போமலினுக்குப் போர்க்காலத் தடை. மண்ணெண்ணெய்க்குத் தடை. பற்றரிக்குத் தடை. தடையில்லாத ஒரே சாமான் உப்பு. அதைத்தான் இந்த மனிதன் போட்டிருக்கிறான்.

போத்தலோடு வந்த கடிதத்தைப் பிரித்தாள். கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருக்கும் சத்திரவைத்தியர் செல்வரட்ணத்தின் கையெழுத்து.

'என்னிடம் ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றுதான் மிச்சம். சனிக்கிழமை ஒரு பெரிய சத்திரசிகிச்சைக்கு மட்டும் போதும். கட்டி புற்று என்றால் அது இந்தப் பெண்ணுக்கு. இல்லையென்றால் கழுத்துக் கழலையோடு இரண்டு வருடமாகக் காத்திருக்கும் ஒருவருக்கு. அடுத்த சிலிண்டர் மாசியிலோ சித்திரையிலோ, கடவுளுக்குத்தான் தெரியும். வெள்ளி பன்னிரண்டு மணிக்கு முன் முடிவு என் கையில் இருக்க வேண்டும்.'

கடிதத்தை மடித்தபோது அவள் கண் தன்னையறியாமல் எதிர்ச்சுவருக்குப் போனது. அங்கே ஒரு மட்டையில் கறுப்பு மையால் எழுதித் தொங்கியது: 'பழுதான மாதிரியில் தீர்ப்பு இல்லை.'

எழுதியவர் டொக்டர் நேசையா. அறுபத்தெட்டு வயது. ஓய்வுபெற்று வீட்டில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், மற்ற நோயியல் வைத்தியர்கள் எல்லோரும் கப்பலேறிய பிறகு திரும்பி வந்து நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர். மட்டையில் இருப்பதை அவர் மீறியதேயில்லை. காரணமும் அவளுக்குத் தெரியும். எழுபத்திநாலில், வேறொரு ஊரில், அரைகுறையாகப் பழுதடைந்து வந்த ஒரு தசைத்துண்டைப் பார்த்துப் புற்று என்று எழுதினார். இருபத்தாறு வயதுப் பெண்ணின் மார்பை எடுத்தார்கள். எடுத்ததை அறுத்துப் பார்த்தால் புற்றின் நிழல்கூட இல்லை.

உப்புப் போட்ட துண்டை அந்த மனிதர் ஏறெடுத்தும் பார்க்கப்போவதில்லை.

"அண்ணை," என்றாள் ஞானாம்பிகை. "இப்ப நான் சொல்லுறதை ஏனெண்டு கேக்காமல் செய்வியளோ?"

"சொல்லுங்கோ மிஸ்."

"இறைச்சிக்கடைக்குப் போய் ஒரு பால் ஆட்டின்ரை மடி வாங்கிக்கொண்டு வாங்கோ. இண்டைக்கு வெட்டினது. இதேயளவு துண்டு வெட்டி, நாலு மணித்தியாலம் வெயிலில வைச்சிட்டு, இதே மாதிரிப் போத்தலுக்க, இதே மாதிரி உப்புப் போடுங்கோ. உங்கடை கையாலதான் போடவேணும்."

கனிசியஸ் அவளுடைய நெற்றித் திருநீற்றைப் பார்த்தான். "நீங்கள் விரதமெல்லோ மிஸ்?"

"நான் தின்னக் கேக்கேல்லை. கெதியாப் போங்கோ."

அவன் போன பிறகு அலுமாரியைத் திறந்தாள். கடைசிப் போமலின். அரைப் போத்தலுக்கும் குறைவு. அடுத்தது எப்போது வருமென்று அதற்கும் கடவுளைத்தான் கேட்க வேண்டும். வினிபிரட்டின் துண்டை ஓடும் தண்ணீரில் உப்புப் போகுமட்டும் கழுவினாள். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. போமலினில் பாதியை அதற்கு ஊற்றினாள். மற்றப் பாதியை ஆட்டுக்கென்று எடுத்து வைத்தாள். நேசையா அறிந்தால் கொன்றுவிடுவார்.

அறியத்தான் போகிறார்.

*

வியாழன் மத்தியானம் வரை அவள் ஒரு துண்டோடு மல்லுக்கட்டினாள். பனைச்சாராயத்தைக் காய்ச்சி எடுத்த மதுசாரத்தில் தசையின் ஈரத்தை உறிஞ்சி, கரிச்சட்டியின் மேல் சூடுமணலில் உருகிய மெழுகுக்குள் இறக்கி, இறுகிய மெழுகுக் கட்டியைச் சீவும் பொறியில் பூட்டினாள். கைபிடியைச் சுழற்றினாள். மெழுகு நாடா வெங்காயத்தோல் போல மெல்லிதாகக் கத்தியிலிருந்து வழிந்தது.

கர்க்.

கை நின்றது. மறுபடி சுழற்றினாள். கர்க். மணலில் கத்தி உரசும் சத்தம். நாடாவில் நீளத்துக்கு ஒரு கீறல்.

உப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். நினைத்த கையோடு அந்த நினைப்பு உடைந்தது. உப்பென்றால் கழுவலில் கரைந்திருக்குமே. நாக்கு பொய் சொல்லவில்லையே. கரையாத இந்த மணல் எங்கிருந்து வந்தது?

சாயமிட்டுச் சிலைட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தாள். மின்சாரம் போய் இரண்டு வருடம். அடியிலிருந்த கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பினால்தான் வெளிச்சம். திருப்பினாள். குனிந்தாள்.

பால்குழாய்கள். தசைக்குள் குறுக்கே வெட்டுப்பட்டு வட்டம் வட்டமாகத் தெரிந்தன. வெறுமையாக இருக்க வேண்டிய குழாய்க்குள் புட்டுக்குழலில் மா அடைத்ததுபோல உயிர்க்கலங்கள் நெருக்கி அடைந்திருந்தன. பெரிய வட்டங்களில் ஓரத்தில் மட்டும் ஊதா நிறத்தில் உயிருள்ள கலங்கள். நடுவில் செத்துப்போன வெளிர்சிவப்புக் களி. அந்தக் களிக்குள் கடுமூதா நிறத்தில் பொடிப்பொடியாகக் கற்கள்.

கத்தியைக் கீறிய மணல் அதுதான்.

பின்னேரம் நாலு மணிக்கு நேசையா குடையை மடித்துக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். பார்த்தார். அரை நிமிடம்கூட இல்லை.

"கருவாடு," என்றார்.

"சேர், இன்னொருக்கா —"

"நடுவெல்லாம் செத்துக் கிடக்குது பிள்ளை. ஷெல்லுக்க நாலு மணித்தியாலம் வெயிலில கிடந்து, பிறகு உப்புக்க கிடந்தால் சாகாமல் என்ன செய்யும்? நீரும் செத்திருப்பீர். நானும் செத்திருப்பன்."

"ஓரம் சாகேல்லையே சேர்."

"ஓரத்தில உப்பு முந்திப் பிடிச்சிருக்கும். நடுவுக்குப் போகமுன்னம் நடு அழுகியிருக்கும்." பேனாவை எடுத்தார். 'பழுதான மாதிரி. மீண்டும் எடுக்கவும்.' எழுதினார். திகதி போட்டார். ஒப்பம் வைக்கப் போனவர் நிறுத்தி, "முத்திரை வீட்டை கிடக்குது. நாளைக்கு வைக்கிறன்," என்று கடதாசியை மேசையில் கல்லுக்கு அடியில் செருகினார்.

"மீண்டும் எடுக்கிறதுக்கு அங்கை ஒக்சிசன் இல்லை சேர்."

"தெரியும்." அவர் குரல் இறங்கியது. "இல்லாத புற்றுக்கு ஒருத்தியின்ரை மார்பை எடுத்தவன் நான். இன்னொருக்கா என்னைக் கேக்காதையும்."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சூரியன் இறங்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ஞானாம்பிகை நுணுக்குக்காட்டியின் கண்வில்லையைக் கழற்றி, உள்ளே அளவுகோல் பொறித்த வில்லையைப் போட்டாள். பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கிழித்தாள். முதலாவது குழாய். குறுக்களவு. உயிருள்ள ஓரத்தின் தடிப்பு. இரண்டாவது குழாய். வெளிச்சம் மேசையை விட்டு நழுவும்வரை நாற்பத்திமூன்று குழாய்களை அளந்தாள்.

கடைசி எண்ணை எழுதிவிட்டு, எழுதிய நிரலைக் கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு மேலிருந்து கீழே.

பசி மறந்துபோயிருந்தது.

*

வெள்ளிக்கிழமை வானம் காலை வாரியது. விடிந்ததிலிருந்து மழை. யன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. விளக்குக்கு மண்ணெண்ணெய் முடிந்து நாலு நாள். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் குருட்டுப் பார்வைதான்.

எட்டு மணிக்கு கனிசியஸ் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "பேப்பர் ரெடியோ மிஸ்? பத்தேகாலுக்கு வெளிக்கிட்டால்தான் பன்னிரண்டுக்கு முன்னம் போகலாம். மழை. றோட்டும் சரியில்லை."

கடதாசி கல்லுக்கு அடியில் இருந்தது. ஒப்பமில்லாத தீர்ப்பு. அவள் அதைத் தொடவில்லை.

"இருங்கோ," என்றாள்.

"என்ன எழுதியிருக்குது?"

"எழுதினது பிழை. இருங்கோ எண்டனான்."

ஆட்டு மடியின் மெழுகுக் கட்டியை அப்போதுதான் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி சத்தமில்லாமல் வழுக்கிப் போனது. ஒரு கர்க் இல்லை. கனிசியஸ் எட்டிப் பார்த்தான்.

"ஆடு என்ன சொல்லுது மிஸ்?"

"வெளிச்சம் வேணுமாம்."

அவள் கண் மூலையில் சாத்தியிருந்த தன் லேடீஸ் சைக்கிளில் விழுந்தது. பின்சில்லோடு ஒட்டிய டைனமோ. முன்னுக்கு ஒரு லைற். ஊர் முழுக்க அதில்தான் றேடியோ கேட்கிறார்கள்.

ஒன்பதரைக்கு நேசையா உள்ளே நுழைந்தபோது சைக்கிள் ஸ்ராண்டில் ஏறி மேசைக்குப் பக்கத்தில் நின்றது. கழற்றிய லைற் வயரோடு வந்து நுணுக்குக்காட்டியின் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் இருந்தது. சீற்றில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஒரு மனிதன்.

"இதென்ன, சேர்க்கஸோ?" என்றார்.

"முத்திரை கொண்டுவந்தனீங்களோ சேர்?"

"கொண்டுவந்தனான். எங்கை அந்தப் பேப்பர்?"

"தாறன். வைக்கமுன்னம் பத்து நிமிசம் இதுக்குள்ள பாருங்கோ. பாத்தாப் பிறகும் பழுதெண்டால் நானே இவரிட்டைக் குடுத்து விடுறன்."

"நீர் எப்ப டொக்டரானீர்?"

"ஆகேல்லை சேர். அளந்தனான், அவ்வளவுதான்."

நேசையா கனிசியஸைப் பார்த்தார். "உவர்தானோ உப்புக்காரர்?"

"ஓம் சேர். மன்னிக்கவேணும் சேர்."

"மிதியும்," என்று சொல்லி உட்கார்ந்தார்.

சில்லு சுழன்றது. டைனமோ ரீங்கரித்தது. பல்ப் சிவந்து, மஞ்சளாகி, வெளுத்தது. நேசையா குனிந்தார்.

"அதே கருவாடுதான்."

"பெரிய குழாயைப் பாருங்கோ சேர். உயிரோட இருக்கிற ஓரம் எவ்வளவு தடிப்பு?"

அளவுகோல் வில்லை அவர் கண்ணுக்குள் இருந்தது. "ஒரு... இரண்டு தலைமயிர்த் தடிப்பு."

"இப்ப இடது பக்கம் கொஞ்சம் சின்னக் குழாய்."

"அதுவும் அவ்வளவுதான்."

"அதுக்குக் கீழ இன்னும் சின்னன்."

அவர் திருகியை ஒருமுறை திருப்பினார். "இதிலை நடு சாகேல்லை."

"நாற்பத்திமூண்டு குழாய் அளந்தனான் சேர். கொப்பி உங்கடை பக்கத்தில கிடக்குது. எந்தக் குழாய் எண்டாலும் ஓரத்திலயிருந்து இரண்டு தலைமயிர் தூரம் மட்டும் உயிர் இருக்குது. அதுக்கு உள்ள செத்துப்போச்சு. அந்தளவு அகலமில்லாத குழாயில ஒண்டும் சாகேல்லை. ரத்தக் குழாய் எல்லாம் பால்குழாய்க்கு வெளியிலதான். ஒக்சிசன் சுவரைத் தாண்டி ஊறி ஊறித்தான் உள்ள போகவேணும். இரண்டு தலைமயிருக்கு மேல போகாது. உப்பு துண்டின்ரை வெளியிலயிருந்துதான் உள்ளுக்கு வரும். அது வரமுன்னம் அழுகியிருந்தால் முழுத் துண்டின்ரை நடு மட்டும் கெட்டிருக்கும். ஒவ்வொரு குழாயின்ரை நடுவையும் தேடித் தேடிக் கெடுக்க உப்புக்கு எது சின்னக் குழாய், எது பெரிய குழாய் எண்டு தெரியுமோ சேர்?"

வெளிச்சம் மங்கியது. "மிதியுங்கோ அண்ணை," என்றாள் திரும்பாமல். மிதி வேகமெடுத்தது.

"கல்லு?" என்றார் நேசையா. "நடுவில கிடக்கிற இந்தப் பொடி உப்பாயிருக்கலாம்."

"கழுவின தண்ணியை நாக்கில வைச்சுப் பாத்தனான். பிறகு இரண்டு நாள் போமலின், மதுசாரம். உப்பெண்டால் கரைஞ்சிருக்கும். இது சுண்ணாம்பு சேர். செத்த கலத்துக்க சுண்ணாம்பு படிய மாதக்கணக்காகும். வெயிலில நாலு மணித்தியாலத்தில படியாது."

பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து இரண்டு வெடி. அடுத்த கணம் மேசை நடுங்கி, சிலைட் நகர்ந்து, பார்வை மங்கியது. மூவரும் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாவது வெடி இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்தது.

"பங்கருக்கு வாறீரோ?" என்றார் நேசையா.

"வெளிச்சம் இப்பதான் சேர் நல்லா நிக்குது."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருகியைச் சரிசெய்து மறுபடி குனிந்தார்.

"எனக்கு எழுபத்திநாலிலயும் இப்படித்தான் பிள்ளை நியாயம் சரியா இருந்தது," என்றார். "நியாயம் சரியாயிருந்து துண்டு பிழையாயிருந்தது. உப்பு இதைச் செய்யாதெண்டு நீர் சொல்லுறீர். செய்யாதெண்டு எனக்கு ஆர் காட்டுறது?"

இதற்காகத்தான் அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்து காத்திருந்தாள். சிலைட்டை எடுத்து, சாயம் இன்னும் சரியாக உலராத இன்னொன்றை வைத்தாள்.

"இது?"

"ஆடு."

"என்ன ஆடு?"

"பால் ஆட்டின்ரை மடி. இவர் வாங்கினவர். இவர்தான் உப்புப் போட்டவர். அதே கை, அதே போத்தல், அதே நாலு மணித்தியாலம், அதே வெயில். பிறகு அதே போமலின்."

நேசையா நிமிர்ந்தார். "எங்கடை கடைசிப் போமலினிலையோ?"

"ஓம் சேர்."

"ஆட்டுக்கு?"

"ஓம் சேர்."

கனிசியஸ் மிதிப்பதை நிறுத்திவிட்டான். லைற் அணைந்தது. கிழவரின் முகத்தில் என்ன ஓடுகிறதென்று தெரியவில்லை.

"என்ன தம்பி பாத்துக்கொண்டிருக்கிறீர்?" என்றார் நேசையா. "மிதியும்."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கலங்கள் சுருங்கியிருந்தன. விளிம்புகள் நெளிந்திருந்தன. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆட்டின் பால்குழாய்கள் ஒவ்வொன்றும் வெறுமையாக, உள்சுவர் குலையாமல், ஒழுங்காக நின்றன. ஒரு குழாயின் நடுவிலும் களி இல்லை. கல் இல்லை.

பிறகு வினிபிரட்டின் சிலைட்டைத் தானே எடுத்து வைத்தார். கொப்பியைக் கிட்ட இழுத்து, ஞானாம்பிகை எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு, தன் பாட்டில் அளந்தார். ஒன்று. இரண்டு. எட்டு. பன்னிரண்டாவது குழாயில் கையை எடுத்து எண்களை ஒப்பிட்டார்.

சீற்றிலிருந்து மூச்சு வாங்கும் குரல் வந்தது. "சேர், நான் ஒண்டு கேக்கலாமோ?"

"கேளும்."

"அவவுக்குள்ள செத்துப்போச்சு எண்டுறியள். செத்தது நல்லதுதானே?"

நேசையா கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "செத்ததுகளுக்கு நான் பயமில்லை தம்பி. செத்ததுக்கும் உயிரோட இருக்கிறதுக்கும் நடுவில ஒரு வரிசை நிக்குது பாரும். சாகிறளவுக்கு மூச்சில்லை, வாழுறளவுக்கும் மூச்சில்லை. முட்டிக்கொண்டு நிக்குதுகள். அதுகள் பழகிக்கொள்ளும். மூச்சில்லாமல் சீவிக்கப் பழகினதுகளை மருந்தாலயும் லேசில சாக்காட்டேலாது. புது ரத்தக் குழாயைத் தன்ரை பக்கம் இழுக்கும்." அவர் சிலைட்டை ஒரு நூல் நகர்த்தினார். "நீர் சங்கு குளிக்கிறனீர்தானே. அடியில மூச்சு முட்டினவன் என்ன செய்வான்?"

கனிசியஸ் யோசிக்கவேயில்லை. "எதை உடைச்செண்டாலும் மேல வருவான் சேர்."

"அதுதான்."

கனிசியஸ் இன்னும் வேகமாக மிதித்தான்.

"இன்னும் சுவர் உடையேல்லை," என்றார் நேசையா மெல்ல. "இந்தச் சிலைட்டில உடையேல்லை. மிச்சத்துக்க என்ன கிடக்குதோ தெரியாது." நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். "மாசி வரையும் இதை விடேலாது."

கல்லுக்கு அடியிலிருந்த கடதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார். புதிய கடதாசி. 'மாதிரி வழியில் உப்பிடப்பட்டது. அதே முறையில் உப்பிட்ட ஆட்டுத் தசையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பால்குழாய்களுக்குள் புற்று. நடுப்பகுதிகள் ஒட்சிசன் இன்றி இறந்துள்ளன. காலம் தாழ்த்த வேண்டாம்.' ஒப்பம். முத்திரை. அளந்தவர் என்று எழுதி, பேனாவை ஞானாம்பிகையிடம் நீட்டினார்.

"வையும்."

அவள் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து.

கனிசியஸ் சீற்றிலிருந்து இறங்கி, கடதாசியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாரத்து மடிப்புக்குள் செருகினான். நாற்பது நிமிடமாக மிதித்திருக்கிறான்.

"இவ்வளவு மிதிச்சதுக்கு இப்ப சாவகச்சேரி தாண்டியிருப்பீர்," என்றார் நேசையா.

"இனித்தான் சேர் முதலாவது மைல்," என்று சொல்லிவிட்டு அவன் மழைக்குள் இறங்கினான்.

பன்னிரண்டு மைல். ஒன்றரை மணித்தியாலம். ஞானாம்பிகை வாசலில் நின்று அந்தச் சைக்கிள் வளைவில் மறையுமட்டும் பார்த்தாள். உள்ளே வந்து நுணுக்குக்காட்டியைத் துடைத்து மூடினாள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. சனிக்கிழமை சூரன்போர். கோயிலில் சூரனின் தலைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தபோது அவள் மனம் கொடிகாமத்தில் ஒரு சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மேசையில் படுத்திருப்பது யார் என்று அவளுக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆய்வுகூட வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

கனிசியஸின் கையில் இந்தமுறை பெரிய போத்தல். மூடியைச் சுற்றி மெழுகுச் சீலை. அதற்கு மேல் சைக்கிள் ரியூப் இறப்பர். அதற்கு மேல் இன்னொரு சீலை.

"ஒரு துளி ஒழுகேல்லை மிஸ். டொக்டர் செல்வரட்ணம் தன்ரை கடைசிப் போமலினை ஊத்தினவர். எடுத்த மார்பு முழுக்க உள்ள கிடக்குது."

ஞானாம்பிகை கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "எத்தினை மணிக்குப் போய்ச் சேந்தனீங்கள்?"

"பன்னிரண்டுக்கு ஐஞ்சு நிமிசம் கிடக்க. கழலைக்காரர் அடுத்த நாளுக்கெண்டு ஏற்கனவே வந்து ஆஸ்பத்திரி உடுப்பு மாத்திப்போட்டு இருந்தவர். பேப்பரை வாசிச்சுக் காட்டினவுடன தானே எழும்பிப்போட்டார். 'இரண்டு வருசம் இருந்திட்டன், இன்னும் கொஞ்சம் இருப்பம்' எண்டார்."

"வினிபிரட் எப்பிடி?"

"கதைக்கிறா. கதையெண்டால் வாய் ஓயாது. அந்த ஆட்டுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவோ எண்டு உங்களிட்டைக் கேட்டு வரட்டாம்." அவன் பையிலிருந்து கடதாசிச் சரையொன்றை எடுத்து மேசையில் வைத்தான். "இது தந்துவிட்டவ. பாரைக் கருவாடு. விரதம் முடிஞ்சுதுதானே மிஸ்? இதை வெட்டிச் சாயம் போடாதையுங்கோ. பொரிச்சுச் சாப்பிடுங்கோ."

அந்த மார்பை அறுத்துப் பார்க்க ஒரு கிழமை எடுத்தது. பதினெட்டு மெழுகுக் கட்டி. பதினேழில் குழாய்ச் சுவர் உடையாமல் நின்றது. பதினெட்டாவது கட்டியை நேசையாதான் பார்த்தார். பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி அவளுக்கு இடம் விட்டார்.

மிகப் பெரிய குழாய். மிகப் பெரிய செத்த நடு. அதன் ஒரு பக்கச் சுவரில் ஊசி நுழையுமளவு ஒரு விரிசல். விரிசலுக்கு வெளியே நாலே நாலு கலங்கள், தலையை நீட்டியபடி.

"கக்கத்து நெறிகள்? அங்கையும் பரவிட்டுதோ?" என்றாள்.

"பதினொண்டு. பதினொண்டும் சுத்தம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல வந்ததுகள், கரையேறமுன்னம் பிடிபட்டிட்டுதுகள்."

சுவரில் மட்டை அப்படியேதான் தொங்கியது. அவர் அதைக் கழற்றவில்லை. அவளும் கழற்றச் சொல்லவில்லை.

வேறொரு வேலை கிடந்தது. போமலின் அங்கேயும் முடிந்துவிட்டது, இங்கேயும் முடிந்துவிட்டது. பருத்தித்துறையிலிருந்து ஒரு கட்டி, அச்சுவேலியிலிருந்து இரண்டு, அறுப்பதற்கு நாள் குறித்துவிட்டு போமலின் இல்லாத போத்தலுக்குள் எதைப் போடுவதென்று கேட்டுக் கடிதம் வந்திருந்தது. முடிவை எடுத்துப்போக வந்த கனிசியஸை அவள் உள்ளே கூப்பிட்டாள். மேசையில் வெறும் போத்தல், ஒரு சாக்குக் கல்லுப்பு, புதிதாக வாங்கிய ஆட்டு மடி, மருந்து நிறுக்கும் சின்னத் தராசு. பக்கத்தில் திறந்த கொப்பி.

"அண்டைக்குக் கைதடியில எத்தினை கை உப்புப் போட்டனீங்கள்?"

"கைக்கணக்கில்லை மிஸ். கண் பாத்த அளவுதான்."

"அப்ப கண் பாத்தே போடுங்கோ," என்றாள் ஞானாம்பிகை, பேனாவைத் திறந்து. "ஆனால் ஒவ்வொரு கையையும் முதல்ல இந்தத் தட்டில போடுங்கோ. நான் நிறுக்கிறன்."